கைதட்டினால் ஃபார்ம் திரும்புமா?

2023 ஆகஸ்ட் 4, வெள்ளிக்கிழமை இரவு. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரம், சிட்டிசன்ஸ் பேங்க் பார்க் மைதானம். உள்ளூர் அணியான பில்லீஸுக்கும் கான்சாஸ் சிட்டி ராயல்ஸுக்கும் பேஸ்பால் ஆட்டம். ட்ரே டர்னர் பேட்டைப் பிடித்தபடி நடந்து வருகிறார். கூட்டம் எழுந்து நின்று கைதட்டுகிறது.

'இதில் என்ன இருக்கிறது? நட்சத்திர வீரர் வந்தால் கைதட்டத்தானே செய்வார்கள்?' என்று கேட்கிறீர்களா? விஷயமே அங்கேதான் இருக்கிறது. டர்னர் அன்று எந்தச் சாதனையும் செய்திருக்கவில்லை. அந்த வருடம் முழுக்கவே சொதப்பிக்கொண்டிருந்தார். 11 வருடங்களுக்கு 300 மில்லியன் டாலர், அதாவது அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 2,500 கோடி ரூபாய் ஒப்பந்தத்தில் அவரை அழைத்து வந்திருந்தார்கள். வந்த முதல் சீசனிலேயே பேட் பேச மறுத்தது. இரண்டு நாட்களுக்கு முன்புதான், பிளே ஆஃப் இடத்துக்கு நேரடிப் போட்டியாளரான மயாமி மார்லின்ஸுக்கு எதிராக, கூடுதல் இன்னிங்ஸில் அவர் கோட்டைவிட்ட ஒரு பந்து அணியின் தோல்விக்குக் காரணமானது. 'தோற்றது என்னால்தான்' என்று அவரே செய்தியாளர்களிடம் ஒப்புக்கொண்டார்.

அப்படிப்பட்டவருக்குத்தான் அந்தக் கைதட்டல். அதுவும் பிலடெல்பியாவில்!

பேஸ்பால் ரசிகர்களிடம் பேசினால் ஆகஸ்ட், செப்டம்பரில் இரண்டே கேள்விகள்தான் வரும். ஒன்று, 'நம்ம டீம் பிளே ஆஃப் போகுமா?' இன்னொன்று, 'அடிக்கவே மாட்டேங்கிறானே, இவனை இன்னும் ஏன் ஆட வைக்கிறாங்க?' இவற்றைத் தனித்தனிக் கேள்விகளாகவே பலரும் நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால் இரண்டும் ஒன்றுதான். தடுமாறும் வீரரை என்ன செய்கிறோம் என்பதில்தான் பிளே ஆஃப் கனவும் அடங்கியிருக்கிறது. இந்த ஆட்டத்தின் அமைப்பு அப்படி.

162 ஆட்டம், 12 இடம்

முதலில் கணக்கு. மேஜர் லீக் பேஸ்பாலில் 30 அணிகள். அமெரிக்கன் லீக், நேஷனல் லீக் என்று 15, 15 ஆகப் பிரிந்திருக்கின்றன. ஒவ்வொரு லீகிலும் 3 டிவிஷன்கள். ஒவ்வோர் அணிக்கும் வசந்தத்தில் தொடங்கி செப்டம்பர் இறுதி வரை 162 ஆட்டங்கள். கிட்டத்தட்ட தினம் ஒரு ஆட்டம்!

2022 முதல் பிளே ஆஃப் சுற்றுக்கு 12 அணிகள் போகின்றன. ஒவ்வொரு லீகிலும் டிவிஷன் சாம்பியன்கள் 3 பேர். மிச்சமிருப்பவர்களில் அதிக வெற்றி பெற்ற 3 பேருக்கு 'வைல்ட் கார்டு' என்ற பின்வாசல். உள்ளே போய்விட்டால் கடைசி இடத்தில் நுழைந்தவரும் உலகக் கோப்பையைத் தொடலாம். அங்கே அதற்குப் பெயர் 'வேர்ல்ட் சீரிஸ்'.

இந்தப் பின்வாசலின் மகிமை பிலடெல்பியாவுக்கு நன்றாகத் தெரியும். 2022-ல் அந்த அணியின் தொடக்கம் 22 வெற்றி, 29 தோல்வி. ஜூன் முதல் வாரத்தில் மேலாளர் ஜோ ஜிரார்டியை நீக்கிவிட்டு, உதவியாளராக இருந்த ராப் தாம்ஸனிடம் பொறுப்பைக் கொடுத்தார்கள். கடைசி வைல்ட் கார்டு இடத்தைப் பிடித்த அந்த அணி வேர்ல்ட் சீரிஸ் வரை போய், ஹூஸ்டனிடம் ஆறாவது ஆட்டத்தில்தான் தோற்றது. அதற்கு முன் 11 வருடங்களாக அந்த ஊர் பிளே ஆஃப் ஆட்டத்தையே பார்த்ததில்லை.

இன்னும் பெரிய கதை 2019 வாஷிங்டன் நேஷனல்ஸ். முதல் 50 ஆட்டங்களில் 19 வெற்றி, 31 தோல்வி. 'இந்த வருஷம் அவ்வளவுதான்' என்று எல்லோரும் கைகழுவிய அணி அக்டோபர் கடைசியில் சாம்பியன் ஆனது. அந்த அணியின் ஷார்ட்ஸ்டாப் யார் தெரியுமா? இதே ட்ரே டர்னர்தான்!

ஒளித்துவைக்க முடியாத ஆட்டம்

கிரிக்கெட்டில் ஃபார்மில் இல்லாத பேட்ஸ்மேனைக் கீழே இறக்கலாம். மேலே இருப்பவர்கள் நின்று ஆடிவிட்டால் அவர் பேட் பிடிக்காமலேயே ஆட்டம் முடிந்துவிடும். பேஸ்பாலில் அது நடக்காது. ஒன்பது பேர் வரிசையாக வருவார்கள். ஒன்பதாவது ஆள் முடித்ததும் மறுபடியும் முதல் ஆள். எட்டாவது இடத்துக்குத் தள்ளினாலும் ஒரு ஆட்டத்தில் மூன்று, நான்கு முறை அவர் வந்தே ஆக வேண்டும். ஆட்டம் கடைசிக் கட்டத்தில் ஊசலாடும்போது மூன்று பேஸிலும் ஆள் நிற்க, முறை அந்தத் தடுமாறும் மனிதருக்கே வந்து சேரும். பெஞ்சில் உட்கார வைக்கலாம்தான். ஆனால் 11 வருட ஒப்பந்தக்காரரை எத்தனை நாள் உட்கார வைப்பது?

அவர் செய்ய வேண்டிய வேலை எப்படிப்பட்டது என்றும் பாருங்கள். பந்து வீசும் பிட்ச்சர் நிற்கும் இடத்துக்கும் பேட்டருக்கும் நடுவே சுமார் 18.4 மீட்டர். மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து அந்தத் தூரத்தைக் கடக்க ஏறக்குறைய 0.4 வினாடி போதும். அதற்குள் அது நேராக வருகிறதா, வளைகிறதா, கடைசி நேரத்தில் கீழே விழுமா என்று பார்த்து, அடிப்பதா விடுவதா என்று முடிவெடுத்து, உருண்டையான பந்தை உருண்டையான பேட்டால் அடிக்க வேண்டும்.

அதனால்தான் இந்த ஆட்டத்தில் பத்துக்கு மூன்று முறை பந்தை அடித்துப் பத்திரமாகப் பேஸை அடைந்தாலே நட்சத்திரம். சராசரி 0.300 என்றால் சல்யூட் அடிப்பார்கள். 0.200-க்குக் கீழே போனால் வேலைக்கே ஆபத்து. இரண்டுக்கும் வித்தியாசம் பத்து வாய்ப்பில் ஒரே ஒரு அடி!

சிந்திக்க நேரமே இல்லாத வேலை இது. கையும் கண்ணும் பழக்கத்தில் தானாகவே செய்ய வேண்டும். 'இதையும் விட்டுவிட்டால் என்ன ஆகும்?' என்ற நினைப்பு ஒரு நொடி எட்டிப்பார்த்தாலும் பந்து பின்னால் நிற்பவரின் கையுறைக்குப் போய்விடும். தடுமாற்றம் பயத்தைக் கொண்டுவரும், பயம் இன்னும் தடுமாற வைக்கும். உலகத்தரம் வாய்ந்த வீரர்கள்கூட வாரக்கணக்கில் இந்தச் சுழலில் சிக்குவது இதனால்தான்.

சாண்டா கிளாஸையே அடித்த ஊர்

பிலடெல்பியா ரசிகர்களுக்கு அமெரிக்கா முழுக்க ஒரு பெயர் உண்டு. பிடிக்காவிட்டால் 'பூ...' என்று நீட்டிக் கத்துவார்கள். இது நம் மல்லிகைப்பூ அல்ல, முள்! 1968 டிசம்பரில் அந்த ஊரில் நடந்த அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தில், சாண்டா கிளாஸ் வேடமிட்டு வந்தவர் மீதே பனிக்கட்டி உருண்டைகளை எறிந்த கதையை இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

பில்லீஸ் அணியின் மிகப் பெரிய வீரர் மைக் ஷ்மிட். 548 ஹோம் ரன்கள் அடித்தவர், லீகின் மதிப்புமிக்க வீரர் விருதை மூன்று முறை வாங்கியவர். அவரையும் அந்த ஊர் விடவில்லை. 1985-ல் ஒரு பேட்டியில் ரசிகர்களைக் கடுமையாகப் பேசிவிட்டார் ஷ்மிட். அடுத்த உள்ளூர் ஆட்டத்தில் என்ன நடக்குமோ என்று எல்லோரும் காத்திருக்க, நீண்ட முடி டோப்பாவும் கறுப்புக் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு பயிற்சிக்கு வந்து நின்றார் மனிதர். கத்துவதற்குத் தயாராக இருந்த கூட்டம் சிரித்துவிட்டது.

2022 ஏப்ரலில் இளம் வீரர் அலெக் போம் ஒரே ஆட்டத்தில் மூன்று தவறுகள் செய்தார். கூட்டம் கேலி செய்தது. 'எனக்கு இந்த இடமே பிடிக்கவில்லை' என்ற பொருளில் அவர் சக வீரரிடம் முணுமுணுத்ததை கேமரா பிடித்துவிட்டது. ஆட்டம் முடிந்ததும் போம் மழுப்பவில்லை. 'ஆமாம், சொன்னேன். ஆத்திரத்தில் வந்துவிட்டது. மன்னியுங்கள்' என்கிற விதமாகப் பேசினார். அடுத்த ஆட்டத்தில் அவர் பேட் பிடிக்க வந்தபோது அதே கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது!

அந்த ஊர் கோபக்கார ஊர்தான், ஆனால் கல்நெஞ்சக்கார ஊர் இல்லை. அதனால்தான் 2023 ஆகஸ்டில், 'டர்னரை இனி பூ சொல்ல வேண்டாம், எழுந்து நின்று வரவேற்போம்' என்று ரசிகர்கள் சிலர் கிளப்பிய யோசனை வானொலியிலும் சமூக வலைதளங்களிலும் பரவி, மைதானம் வரை வந்து சேர்ந்தது.

பாதிரியார் கேட்ட பிரார்த்தனை

இப்படிச் செய்த முதல் ஊர் பிலடெல்பியா அல்ல. 70 வருடங்களுக்கு முன்பே நியூயார்க்கின் ப்ரூக்ளின் பகுதி இதைச் செய்துகாட்டியது.

ப்ரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியின் கில் ஹாட்ஜஸ் எல்லோருக்கும் பிடித்த மனிதர். 1952 வேர்ல்ட் சீரிஸில் யாங்கீஸுக்கு எதிராக ஏழு ஆட்டங்களில் 21 முறை முயன்றும் ஒரு ஹிட்கூடக் கிடைக்கவில்லை. அணி நான்குக்கு மூன்று என்ற கணக்கில் தோற்றது. வேறு ஊராக இருந்தால் அவர் வீட்டு வாசலில் கல் விழுந்திருக்கும். ப்ரூக்ளின் மக்கள் அவருக்கு ஆறுதல் கடிதங்களும் ஜெபமாலைகளும் அனுப்பினார்கள்.

1953 சீசன் தொடங்கியும் தடுமாற்றம் தீரவில்லை. அந்த மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ப்ரூக்ளின் தேவாலயம் ஒன்றின் பாதிரியார், 'இன்று பிரசங்கம் செய்ய முடியாத அளவுக்கு வெக்கை. வீட்டுக்குப் போங்கள், கட்டளைகளைக் கடைப்பிடியுங்கள், கில் ஹாட்ஜஸுக்காக ஒரு பிரார்த்தனை செய்யுங்கள்' என்று சொல்லி அனுப்பிய சம்பவம் பேஸ்பால் வரலாற்றில் இடம்பிடித்துவிட்டது.

அந்த வருடத்தை ஹாட்ஜஸ் 0.302 சராசரி, 31 ஹோம் ரன்களுடன் முடித்தார். 1955 வேர்ல்ட் சீரிஸின் ஏழாவது ஆட்டத்தில் டாட்ஜர்ஸ் 2-0 என்று வென்று, ப்ரூக்ளினுக்கு அதன் ஒரே கோப்பையை வாங்கித் தந்தது. அந்த இரண்டு ரன்களுக்கும் காரணமாக இருந்தவர் ஹாட்ஜஸ்!

மூன்று வருடங்களுக்கு முன் அவரை விரட்டியிருந்தால்?

எண்கள் சொல்லும் கதை

டர்னரிடம் வருவோம். கைதட்டல் நாளன்று அற்புதம் எதுவும் நடந்துவிடவில்லை. பில்லீஸ் 7-5 என்று தோற்றது. மறுநாள் டர்னர் மூன்று ரன் தரும் ஹோம் ரன் ஒன்றை அடித்தார், அணி வென்றது. அதன் பிறகு அவரை நிறுத்த முடியவில்லை.

ஆகஸ்ட் 3 வரை அவரது சராசரி 0.235, ஹோம் ரன் 10. ஆகஸ்ட் 4 முதல் சீசன் முடியும்வரை ஆடிய 48 ஆட்டங்களில் சராசரி 0.337, ஹோம் ரன் 16! நடுவில் தன் சொந்தச் செலவில் நகரின் டிஜிட்டல் விளம்பரப் பலகைகளில் ரசிகர்களுக்கு நன்றி சொன்னார் டர்னர். அணி 90 வெற்றிகளுடன் வைல்ட் கார்டு இடங்களில் முதலாவதைப் பிடித்தது.

'அப்படியானால் கைதட்டினால் போதும், எல்லோரும் அடித்துவிடுவார்களா?' என்று கேட்டால், இல்லை. நேர்மையாகப் பார்ப்போம். டர்னர் அதற்கு முந்தைய வருடங்களில் 0.300 சராசரிக்காரர். அப்படிப்பட்டவர் என்றைக்காவது பழைய நிலைக்குத் திரும்பத்தான் செய்வார். கைதட்டல் இல்லாமலும் அது நடந்திருக்கலாம்.

எதிர் உதாரணமும் இருக்கிறது. பால்டிமோர் ஓரியோல்ஸ் அணியின் கிறிஸ் டேவிஸ் 2013-ல் 53 ஹோம் ரன்கள் அடித்தவர். 161 மில்லியன் டாலர் ஒப்பந்தம் பெற்ற பிறகு ஃபார்ம் சரிந்தது. 2018 செப்டம்பரிலிருந்து 2019 ஏப்ரல் வரை தொடர்ந்து 54 முறை ஹிட் இல்லை. பிட்ச்சர் அல்லாத வீரர்களில் அதுவே மிக நீண்ட வறட்சி. அது முடிந்த பிறகும் பழைய டேவிஸ் திரும்பவே இல்லை. 2021-ல் ஓய்வை அறிவித்தார். சில சரிவுகளை எந்த அன்பாலும் தூக்கி நிறுத்த முடியாது.

கைதட்டலும் அக்டோபரில் வேலை செய்யாமல் போகலாம். அதே 2023 பிளே ஆஃபில், 104 வெற்றி பெற்ற அட்லாண்டா பிரேவ்ஸை வீழ்த்தியது பில்லீஸ். அந்தத் தொடரில் நிக் காஸ்டெல்லானோஸ் அடுத்தடுத்த இரண்டு ஆட்டங்களில் தலா 2 ஹோம் ரன்கள் அடித்தார். பிளே ஆஃப் வரலாற்றில் அதுவரை யாரும் செய்யாதது. அடுத்த சுற்றில் எதிரணி, வெறும் 84 வெற்றிகளோடு உள்ளே வந்த அரிசோனா. அதே காஸ்டெல்லானோஸுக்கு 24 முயற்சிகளில் ஒரே ஒரு ஹிட்! 3-2 என்று முன்னிலையில் இருந்த பில்லீஸ், சொந்த ஊரில் கடைசி இரண்டு ஆட்டங்களையும் தோற்று வெளியேறியது. ஒரே மாதத்தில் ஒரே மனிதர் நாயகனும் ஆனார், வில்லனும் ஆனார்.

கத்தவே கூடாதா?

டிக்கெட் எடுத்தவருக்குக் கத்த உரிமை இல்லையா? இருக்கிறது. ஆனால் எதற்குக் கத்துகிறோம் என்பது முக்கியம்.

பந்தை அடித்துவிட்டு முதல் பேஸுக்கு ஓடாமல் நடக்கிறாரா? தாராளமாகக் கத்துங்கள். தவறு செய்துவிட்டுச் சக வீரர் மேல் பழி போடுகிறாரா? கத்துங்கள். வெற்றி பெறும் எண்ணமே இல்லாமல் அணியின் முதலாளி காசை மட்டும் எண்ணுகிறாரா? இன்னும் சத்தமாகக் கத்துங்கள். முயற்சி இல்லாத இடத்தில் வரும் கோபம் நியாயமானது.

முயன்றும் முடியாமல் தவிப்பவரின் நிலை வேறு. தான் சொதப்புவது அவருக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். ஒவ்வொரு முறை நடந்து வரும்போதும் அவரது சராசரி பெரிய திரையில் ஒளிர்கிறது. நாம் கத்திச் சொல்ல வேண்டிய புதுச் செய்தி எதுவும் இல்லை.

நம் பக்கத்துக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். இன்று ஏசி அனுப்பினாலும் நாளை அவரேதான் வருவார். டர்னரின் ஒப்பந்தம் 2033 வரை இருக்கிறது. நமது பிளே ஆஃப் ஆசை அவருடைய கைகளில் இருக்கும்போது, அந்தக் கைகளை நடுங்க வைப்பதில் நமக்கு என்ன லாபம்? கைதட்டல் அவரை நிச்சயம் குணப்படுத்தும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. வசவு குணப்படுத்தியதாகவும் கதை இல்லை. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வசதி மட்டும் நம்மிடம் இருக்கிறது.

இதையெல்லாம் ஏன் இப்போது சொல்கிறேன் என்றால், பிலடெல்பியாவுக்கு அடுத்த பரீட்சை வந்துவிட்டது. 2025 அக்டோபர் 9. டாட்ஜர்ஸுக்கு எதிரான பிளே ஆஃப் தொடரின் நான்காவது ஆட்டம், லாஸ் ஏஞ்சலஸில். தோற்றால் சீசன் முடிந்தது. 11-வது இன்னிங்ஸ், 1-1 சமநிலை, இரண்டு பேர் அவுட், மூன்று பேஸிலும் ஆள். 24 வயது பிட்ச்சர் ஓரியன் கெர்க்கரிங்கை நோக்கிப் பந்து உருண்டு வந்தது. முதலில் நழுவவிட்டார். எடுத்து முதல் பேஸுக்கு எறிந்திருந்தால் இன்னிங்ஸ் முடிந்திருக்கும். பதற்றத்தில் ஹோம் பிளேட்டை நோக்கி எறிந்தார். பந்து எங்கோ போனது. ஆட்டமும் சீசனும் அந்த ஒரு எறியோடு முடிந்தன. குனிந்து நின்ற அந்த இளைஞரைச் சக வீரர்களும் மேலாளர் தாம்ஸனும் தோளோடு அணைத்து அழைத்துப் போனார்கள்.

அந்த 2025 சீசனில் நேஷனல் லீகிலேயே அதிக சராசரி வைத்திருந்த பேட்டர் யார்? 0.304 எடுத்த ட்ரே டர்னர்! இரண்டு வருடங்களுக்கு முன் 'இவனை ஏன் எடுத்தார்கள்' என்று ஊரே கேட்ட அதே மனிதர்.

கெர்க்கரிங்கும் அப்படி எழுந்து வருவாரா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் ஒரு பிட்ச்சர் மைதானத்தின் நடுவே இருக்கும் மேட்டில் தனியாகத்தான் நிற்க வேண்டும். சொந்த ஊரில் அந்த மேட்டுக்கு அவர் நடந்து போகும் நேரத்தில் காதில் விழப்போவது 'பூ'வா, கைதட்டலா என்பதை 40,000 பேர் சேர்ந்து முடிவு செய்யலாம். ரசிகர்களால் ஆட்டத்தில் செய்ய முடிந்தது அவ்வளவுதான். அது கொஞ்சமில்லை.